ஏழாவது வாக்கியம்

ஸ்கெரி கோவ், நியூஃபவுண்ட்லாந்து
ஜனவரி 14, 1986

அன்புள்ள லோரெட்டா அக்காவுக்கு,

தம்பி ஆம்ப்ரோஸ் எழுதுவது. நான் நல்ல சுகம். நீ எப்படி இருக்கிறாய்? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய், இது யார் கையெழுத்து என்று. என்னுடையதுதான் அக்கா. எழுபத்தாறு வயதில் நான் எழுதும் முதல் கடிதம். இதுவரை வந்ததெல்லாம் என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குப் பிரைடி எழுதி, அடியில் கையெழுத்துக்குப் பதில் நான் பெருக்கல் குறி போட்டது. அவள் போன இந்த மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டு டல்சி எழுதினாள். டல்சி நான் சொல்வதில் பாதியை எழுதுவாள், மீதிக்கு அவள் வீட்டுக் கதையை எழுதுவாள். இனி அந்தத் தொல்லை இல்லை. மேலே இருக்கும் நாலு வரிக்கு எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. நடுவில் எழுந்து அடுப்புக்கு விறகு போட்டுவிட்டு வந்து பார்த்தேன். எழுத்து அங்கேயே இருந்தது. அழியவில்லை. சிரித்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். அக்டோபரில் லியாண்டர் மாமா போய்விட்டார். தொண்ணூற்று நாலு. அவருடைய கடல்நாய்த் தோல் தொப்பியை அவர் மருமகள் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள். ஊரிலேயே மூத்தவன் இப்போது நான்தானாம். சின்னப் பிள்ளைகள்கூட என்னை ஆம்ப்ரோஸ் மாமா என்கிறார்கள். ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை, கடலில் வலை இறக்கும் இடமான பாடுகளில் எது எந்தப் படகுக்கு என்று சீட்டு எடுக்கும்போது தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியவன் நான். எடுத்த சீட்டை உரக்கப் படிக்கவேண்டியவனும் நான். படிக்கத் தெரியாதவன் எப்படிப் படிப்பது? அதனால் மருத்துவ நிலையத்தில் நர்ஸ் நோரீன் செவ்வாய்க்கிழமை நடத்தும் வகுப்புக்குப் போனேன். பென்சிலை மீன் அறுக்கும் கத்தி மாதிரி பிடிக்கிறேன் என்கிறாள். எனக்குத் தெரிந்த பிடி அதுதானே.

உன் சுகத்துக்குப் பதில் போடு. பெரிய எழுத்தில் எழுது, சேர்த்து எழுதாதே.

உன் தம்பி
ஆம்ப்ரோஸ் டிபோ


ஹாமில்டன், ஒன்டாரியோ
பிப்ரவரி 3

அடேய் ஆம்ப்ரோஸ்,

சுகம்தான். முழங்கால் மழையை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? அதை நீ எழுதமாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கிறேன்.

ஊரிலிருந்து தெரியாத கையெழுத்தில் உறை வந்தால் நல்ல சேதி இருக்காது. யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று பிரித்தேன். இரண்டு முறை நின்றுகொண்டு படித்தேன், ஒரு முறை உட்கார்ந்து படித்தேன். தொப்பிக்கு ஒரு "ப்" போதும்டா. நீ மூன்று போட்டிருக்கிறாய். இருக்கட்டும், குளிர் காலம்.

லியாண்டர் மாமா போனதை டல்சி எழுதவே இல்லை. அவள் கோழி போனதை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

ஊரிலேயே மூத்தவன் நீயா. சரி.

நோரீனுக்கு என் நன்றியைச் சொல். நானும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். சளியைக் கவனித்துக்கொள்.

லோரெட்டா


ஸ்கெரி கோவ்
பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

இருமல் இல்லை. இருந்தாலும் கொஞ்சம்தான். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நானே படித்தேன். டல்சி வாசலில் நின்று, "குடு, படிச்சுக் காட்டறேன்" என்று கையை நீட்டினாள். "வேலையப் பாத்துட்டுப் போ" என்று கதவைச் சாத்தினேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் கதவு சாத்தியதில்லை.

இப்போது ஒரு புது விஷயம். எழுத்து மட்டும் வந்தால் மூத்தவன் ஆகிவிட முடியுமா என்று நோரீனிடம் கேட்டேன். லியாண்டர் மாமா வாயைத் திறந்தால் சண்டை நிற்கும். நான் திறந்தால் ஆரம்பிக்கும். அவள் யோசித்துவிட்டுப் பலகையில் பத்து வாக்கியம் எழுதினாள். "இத தினமும் காலைல கண்ணாடியப் பாத்து உரக்கச் சொல்லுங்க மாமா. சொல்லச் சொல்ல மனசு அந்தப் பக்கம் திரும்பும். படிக்கவும் பழகின மாதிரி ஆச்சு" என்றாள். நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். மறுநாளே அவள் அடுத்த ஊர்களுக்கு ஊசி போடப் போய்விட்டாள். அதனால் நானாகவே நடத்திக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாக்கியம்: "நான் ஞானமும் பொறுப்பும் உள்ள பெரியவனாக வளர்ந்துவருகிறேன்." சோப்பு நுரையோடு இதைச் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வருவதில்லை. நுரையைத் துடைத்துவிட்டுச் சொன்னால் பரவாயில்லை. இரண்டாவது, "பேசும் முன் கேட்பேன்." எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது: "நான் பொறாமை நிறைந்தவன். என் பொறாமையால் என்னைச் சுற்றியிருப்பவர்கள் பயன் பெறுகிறார்கள்." முதலில் கொஞ்சம் இடித்தது. ஆனால் படித்தவர்கள் எழுதியது, காரணம் இல்லாமல் இருக்காது. அதைத்தான் எல்லாவற்றையும்விட உரக்கச் சொல்கிறேன்.

ஒரு நாள் டல்சி ஜன்னலைத் தட்டினாள். "ஆம்ப்ரோஸ், உள்ள யார்கிட்ட இப்படிப் பெருமை அடிச்சுக்கிட்டிருக்க?"

"கண்ணாடிகிட்ட."

"அது என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"அதுக்காவது புத்தி இருக்கே."

வாக்கியங்களைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீயும் சொல்லிப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
ஆம்ப்ரோஸ்


ஹாமில்டன்
மார்ச் 10

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

நான் சுகம். ஆனால் விலா எலும்பு வலிக்கிறது, சிரித்ததால். நீ சுகமா?

பொறுமைடா, பொறுமை! "று"வுக்குப் பதில் "றா" போட்டுவிட்டு மூன்று வாரமாக "நான் பொறாமை பிடித்தவன், ஊருக்கே அதனால் நன்மை" என்று கண்ணாடியிடம் கத்திக்கொண்டிருக்கிறாய். படித்தவர்கள் எழுதினால் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை படிக்காதவர்களிடம்தான் இருக்கிறது. நான் நாற்பது வருடம் நூல் ஆலையில் அறிவிப்புப் பலகையைப் படித்தவள், எனக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது.

எனக்கு ஒன்று புரியவில்லை. மூன்று வாரம் சொன்னதில் மனசு அந்தப் பக்கம் திரும்பியிருந்தால், யார் மேல் உனக்குப் பொறாமை வந்தது? உனக்குப் போட்டிதான் யாரும் இல்லையே.

இன்னொன்று. பத்து வாக்கியம் என்றாய். தாளில் ஒன்பதுதான் இருக்கிறது. ஆறுக்கு அடுத்து எட்டு. ஏழு எங்கே?

குளிர் விடும் வரை காலுறையைக் கழற்றாதே.

லோரெட்டா


ஸ்கெரி கோவ்
மார்ச் 29

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன்.

நோரீன் திரும்பி வந்து நோட்டைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். டல்சிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. இப்போது மீன் கொட்டகைப் பக்கம் போனாலே படகுக்காரன் கார்லண்ட், "மாமா, இன்னைக்கு யார் மேல?" என்கிறான். நான் பொறுமையாக இருக்கிறேன். இப்போது சரியான வாக்கியத்தைத்தான் சொல்கிறேன். ஆனால் வேலை செய்ய நாளாகும்போல. நேற்று கார்லண்ட் மேல் ஒரு மீன் தலையை எறிந்துவிட்டேன்.

பாடுகளின் பெயர்கள் எல்லாம் படிக்க வந்துவிட்டன. கறுப்புப் பாறை, மேட்டு முனை, கிழவி மூக்கு, வடக்குச் சந்து. பாறையைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே அறுபது வருடம் போனது. அதைத் தாளில் பார்த்தபோது அடையாளம் தெரிந்துவிட்டது. என்ன விந்தை!

ஏழாவது வாக்கியம் நீளமானது. எழுத்தும் கஷ்டம். அந்த இடத்தில் மை வேறு கொட்டிவிட்டது.

இந்த வருடம் பனிக்கட்டி அதிகம். தபால் கப்பல் குடிகாரன் மாதிரி ஆடுகிறது என்கிறார்கள். முழங்கால் சரியில்லாதவர்கள் ஏறவே கூடாதாம். என் வீட்டு மாடி அறையும் ஒழுகுகிறது. ஊரில் டீத்தூள்கூட முன்போல் நல்லதாக வருவதில்லை. சும்மா தெரிவிக்கிறேன்.

உன் சுகத்தை எழுது.

ஆம்ப்ரோஸ்


ஹாமில்டன்
ஏப்ரல் 11

ஆம்ப்ரோஸ்,

சுகம். நீயும் அப்படியே இரு.

நான் வருகிறேன் என்று எந்தக் கடிதத்தில் எழுதினேன்? எனக்கு ஞாபகம் இல்லை. நீ மட்டும் நான் ஏன் வரக்கூடாது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். கப்பல், கூரை, டீத்தூள்.

தொப்பியின் வழக்கம் எனக்குத் தெரியும். ஸ்கெரி கோவில் பிறந்து, சீட்டு எடுக்கும் நாளில் ஊர் ஹாலுக்குள் இருப்பவர்களில் மூத்தவர். ஆணோ பெண்ணோ. பெல்லா அத்தை ஒன்பது வருடம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதை நாம் இரண்டு பேரும் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

எனக்கு எழுபத்தெட்டு.

பயப்படாதே. அம்மா இறந்தபோது வந்து, மறுநாளே அந்த ஊரைவிட்டுக் கிளம்பியவள் நான். கூப்பிடாத வீட்டுக்குப் போகும் வயது எனக்கு இல்லை. தொப்பியை நீயே வைத்துக்கொள்.

ஏழாவது வாக்கியத்தை மட்டும் அனுப்பு. என் தாளில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

லோரெட்டா


ஸ்கெரி கோவ்
மே 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தபால் தாமதம் இல்லை. நான்தான் தாமதம். நீ சுகமா? நான் சரியாகத் தூங்கவில்லை, மற்றபடி சுகம்.

ஏழாவது வாக்கியம் நீளம் இல்லை. மையும் கொட்டவில்லை. இதுதான்: "என் தவறை மற்றவர் சொல்லும் முன் நானே சொல்வேன்." இதைக் கண்ணாடியிடம் ஒரு நாளும் நான் சொல்லவில்லை. ஆறைச் சொல்லிவிட்டு எட்டுக்குத் தாவிவிடுவேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அம்மா இறந்த அன்று, 1962-இல், காலையில் உனக்கு அடித்த தந்திக்குப் பதிலாக உன்னிடமிருந்து ஒரு தந்தி வந்தது. தபால்கார ஏமஸ் கொண்டுவந்தார். பிரைடி உள்ளே அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் நாலு பேர் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். "படிச்சுக் காட்டவா?" என்றார் ஏமஸ். அந்த நாலு பேரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "எனக்குக் கண்ணு இருக்கு" என்றேன். தாளைப் பிரித்து, படிப்பவன் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தேன். மடித்துப் பையில் வைத்தேன். "என்ன சேதி?" என்றார்கள். "லோரெட்டாவால வர முடியாதாம்" என்றேன்.

அக்கா, உன்னால் வர முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். ஐஸ் அவ்வளவு இருந்தது. வேறு என்ன எழுதியிருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை அடக்கம் செய்துவிட்டோம். வெள்ளிக்கிழமை கப்பலில் நீ வந்து இறங்கினாய்.

உன்னைத் துறையில் பார்த்த நிமிஷம் அந்தத் தாளில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஊரே வீட்டில் உட்கார்ந்திருக்க, நீ அழுதபோது, "விருந்தாளிக்கு என்ன அழுகை? டீயக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்றேன். நீ டீயைக் குடிக்கவில்லை. மறுநாள் கிளம்பிவிட்டாய்.

அந்தத் தந்தியை இருபத்துநாலு வருடம் புகையிலை டப்பாவின் அடியில் வைத்திருந்தேன். பிரைடிக்குக்கூடத் தெரியாது. படிக்க வந்த பிறகும் அதைத் தொடாமல் இருந்தேன். போன வாரம் எடுத்தேன். "அடக்கம் செய்யாதே. வெள்ளி வருகிறேன். லோரெட்டா." ஐந்து வார்த்தை. மூன்று மாதம் படித்த எவனும் படித்துவிடலாம்.

தப்பு என்னுடையது. அடக்கத்துக்கு நீ இல்லாமல் போனதும் என்னால். அன்றைக்குச் சொன்ன சொல்லும் என் வாயிலிருந்து வந்தது. என்னை மன்னித்துவிடு அக்கா.

கப்பல் அவ்வளவாக ஆடவில்லை. மாடி அறைக் கூரையில் இரண்டு ஓட்டை இருந்தது, நேற்று ஏறி அடைத்துவிட்டேன். டீத்தூள் நன்றாகத்தான் இருக்கிறது. தொப்பி உன்னுடையது. வா.

உன் தம்பி
ஆம்ப்ரோஸ்


ஹாமில்டன்
மே 13

ஆம்ப்ரோஸ்,

நீ சுகமாக இரு. கூரையில் ஏறாதே, மூடனே. எழுபத்தாறு வயது உனக்கு.

நீயும் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வருடக் கோடையில் உன் பெயரில் எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தது. அழகான கடிதம். "என் நாவினால் உன்னைப் புண்படுத்தியதற்கு ஆழ்ந்து வருந்துகிறேன்" என்று இருந்தது. அடியில் உன் பெருக்கல் குறி. நீ பிறந்ததிலிருந்து ஆழ்ந்து எதையும் செய்தவன் இல்லை, தூங்குவதைத் தவிர. பிரைடிக்குப் பதில் எழுதினேன்: "இது உன் வார்த்தை, பிரைடி. உனக்கு நன்றி. அவன் வார்த்தை வரட்டும், அன்றைக்கு வருகிறேன்." அதை அவள் உனக்குப் படித்துக் காட்டியிருக்கமாட்டாள். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எழுதும்போது, "லோரெட்டாகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று உன்னைக் கேட்டிருப்பாள். கேட்டாளா?

நீ அந்தத் தந்தியை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டும் எனக்காக நிறுத்தவில்லை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என்னைத் தின்றது. டீ விஷயத்தை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பேசுவாய்.

ஜூன் 5 கப்பலில் வருகிறேன். டல்சியை என் பெட்டியைத் தூக்க விடாதே, திறந்து பார்ப்பாள். தொப்பியை வெயிலில் காயவை. லியாண்டர் மாமா தலையில் எண்ணெய் தாராளம்.

லோரெட்டா


ஹாமில்டன்
ஜூன் 22

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

சுகமாக வந்து சேர்ந்தேன். கப்பல் குடிகாரன் மாதிரிதான் ஆடியது, நீ பொய் சொல்லியிருக்கிறாய். உன் இருமலுக்கு வைத்துவிட்டு வந்த மருந்தைக் குடித்தாயா?

இரண்டு வாரம் உன் எதிரே உட்கார்ந்து உப்புக்கறி சாப்பிட்டபோது சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன். நம் குடும்பத்துக்கு நேரில் பேச வராது.

தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு நீ உட்கார்ந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ ஹால் நடுவில் நின்று, அன்று நம் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் மிச்சமிருந்த அத்தனை பேர் முன்னாலும், தந்தி விஷயத்தைச் சொன்னாய். "அன்னைக்கு எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லவும் தெரியல" என்றாய். சொல்லிவிட்டு டீப் பாத்திரம் பொங்குகிறது என்று வெளியே ஓடினாய். டீப் பாத்திரம் அடுப்பிலேயே இல்லை, ஆம்ப்ரோஸ். எங்கள் கண் முன்னால் மேஜையில் இருந்தது.

நீ ஐந்து நிமிஷம் வெளியே நின்றாய். உள்ளே டல்சி மூக்கைச் சிந்தினாள். பிறகு கார்லண்ட், "மாமாவக் கூப்பிடுங்க. சீட்ட யார் படிக்கறது?" என்றான். எனக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்க வரும். ஆனால் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். நான் எடுத்தேன், நீ படித்தாய். "கறுப்புப் பாறை, கார்லண்ட்!" "மேட்டு முனை, சிரில்!" என்று நீ கூப்பிட்ட குரல் துறை வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசவும் அழவும் ஆரம்பித்து ஹால் சந்தையாகிவிட்டது. அது வேறு.

அம்மாவின் கல்லறையில் நீ என்னைத் தனியாக விட்டுவிட்டு வேலிக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றாய். அதற்கும் நன்றி. உனக்கு நிற்க வராது என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் மறுபடியும் வருவேன். மருந்தைக் குடி.

லோரெட்டா


ஸ்கெரி கோவ்
ஜூலை 9

அன்புள்ள அக்கா,

மருந்தைக் குடித்தேன். கசக்கிறது. இருமல் பாதி போய்விட்டது. உன் முழங்காலுக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்.

மூத்தவள் நீ. அதனால் உன்னிடம் ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. கேட்காமலே செய்துவிட்டேன், இப்போது கேட்கிறேன்.

திங்கள் காலையில் கார்லண்டும் சிரிலும் என் அடுக்களைக்குள் சண்டை போட்டுக்கொண்டே நுழைந்தார்கள். சிரிலுடைய வலை கறுப்புப் பாறையில் இறங்கியிருக்கிறது. கார்லண்ட் தன்னுடையதை இறக்கப் போனால் அங்கே சிரிலின் மிதவைகள்!

"மாமா, நீங்க சொல்லுங்க, கறுப்புப் பாறை யாருக்கு?" என்றான் கார்லண்ட்.

"மாமா எனக்குத்தான் படிச்சாரு. என் காதால கேட்டேன். எழுத்துலயும் இருக்கு, இந்தா!" என்று சிரில் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜை மேல் அறைந்தான்.

அந்தச் சீட்டை ஒரு மாதமாக அவன் பையில் வைத்திருந்திருக்கிறான். மடிப்பெல்லாம் கறுத்துப்போயிருந்தது. நான் பார்த்தேன். மேட்டு முனை என்று எழுதியிருந்தது.

நிமிர்ந்து சிரிலின் முகத்தைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது அவனுக்கு. சீட்டைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும் அக்கா. தந்தியோடு முற்றத்தில் நான் அப்படித்தான் நின்றேன்.

கார்லண்ட் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அடேய், இதுல..." என்று ஆரம்பித்தான். மேஜைக்கு அடியில் அவன் காலை என் பூட்ஸால் மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"சிரில் சொல்றது சரி" என்றேன். "நான் கறுப்புப் பாறைன்னுதான் படிச்சேன். ஆனா எழுதியிருக்கிறது மேட்டு முனை. அரைகுறைப் படிப்பு, ஹால்ல ஒரே கூச்சல், எனக்குத் தப்பிப் போச்சு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்க சிரில். வலைய மாத்திடு, நான் கூட வந்து தூக்கறேன்."

சிரில் சீட்டை எடுத்து மறுபடி பையில் வைத்தான். பிறகு, "பரவால்ல மாமா. புதுசுதானே ஒங்களுக்கு" என்றான்.

புதுசாம்! ஊர் முழுக்க அறிய நான் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் படித்தவன். நோரீன் கை தட்டினாள். நீயே எழுதியிருக்கிறாய், துறை வரைக்கும் கேட்டது என்று. உள்ளுக்குள் எனக்கு என்னமோ செய்தது, மறைக்கமாட்டேன். இப்போது மீன் கொட்டகையில் யாராவது ஒரு தாளைப் பார்த்தால், "மாமாகிட்டக் குடுக்காதே, கறுப்புப் பாறைன்னு படிச்சிடப் போறார்" என்று சிரிக்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும் நான் சரியாகத்தான் படித்தேன் என்று. கார்லண்டும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் நொண்டிக் காட்டுகிறான்.

வலையை மாற்றப் போனபோது கிழக்குக் காற்று. மூன்று பேரும் நனைந்தோம். சிரிலும் நானும் துடுப்பு வலிக்கும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம்.

நான் சொன்னது பொய். ஏழாவது வாக்கியப்படி என் தவறை நான் சொல்லவேண்டும். செய்யாத தவறைச் சொல்லலாமா என்று அதில் இல்லை. நோரீனிடம் கேட்க முடியாது, கேட்டால் சிரில் பெயரை என் வாயால் சொல்லவேண்டிவரும். அதனால் உன்னைக் கேட்கிறேன். இந்தத் தாளைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. நான் செய்தது சரியா?

நேற்று செவ்வாய்க்கிழமை. வகுப்பில் நான் மட்டும்தான் இருப்பேன் என்று போனேன். மருத்துவ நிலையத்து வாசலில் சிரில் நின்றுகொண்டிருந்தான், தன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "கைல ஒரு வெட்டு, மருந்து போடலாம்னு வந்தேன்" என்றான். கையில் வெட்டு எதுவும் இல்லை. "உள்ள வா, கட்டுப் போடுவாங்க" என்றேன். வந்தான். என் பெஞ்சியிலேயே உட்கார்ந்தான். நோரீன் எதுவும் கேட்காமல் அவன் முன்னால் ஒரு நோட்டை வைத்து, "எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்? உங்க பேர்லேர்ந்தா?" என்றாள்.

அவன் பேர் வேண்டாமாம். என் பக்கம் திரும்பி, காதில் வந்து, "கறுப்புப் பாறை எப்படி மாமா எழுதறது?" என்றான்.

பென்சிலை நான் பிடித்துக் காட்டினேன். எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உன் சுகத்தைத் தெரிவி. செப்டம்பருக்கு மாடி அறை தயார். கூரையில் நான் ஏறவில்லை, கார்லண்டை ஏற்றினேன்.

உன் அன்புத் தம்பி
ஆம்ப்ரோஸ் டிபோ